வலப்பக்கம் முந்தும்போது நாம் செய்யும் தவறுகள்

இந்தியாவில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், வலப்பக்கம் முந்த வேண்டும். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். ஆனால் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் வலப்பக்கம் ஒதுங்கிய கணமே எதிரே வருபவரின் பாதையில் நுழைந்துவிடுகிறோம். அந்த இடம் நம்முடையது அல்ல. சில விநாடிகளுக்குக் கடனாகப் பெற்றது.

எத்தனை விநாடிகள் என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பஸ்ஸை, காரில் 80 கி.மீ. வேகத்தில் முந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர், காருடையது 4. பஸ்ஸுக்குப் பின்னால் 20 மீட்டர் இடைவெளி, தாண்டிய பிறகு மீண்டும் இடப்பக்கம் சேர இன்னொரு 20 மீட்டர். ஆக 56 மீட்டர். வேக வித்தியாசமோ விநாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். எனவே பத்து விநாடிகள் ஆகும். அதற்குள் உங்கள் கார் 220 மீட்டர் ஓடியிருக்கும்; எதிரே அதே வேகத்தில் வரும் லாரியும் 220 மீட்டர் நெருங்கியிருக்கும். 450 மீட்டர் காலியாக இருந்தாலும் மயிரிழையில்தான் தப்புவீர்கள். ஒருமுறை ஓரமாக நின்று பத்து வரை நிதானமாக எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீண்ட நேரம் என்று புரியும்.

அடுத்தது, லாரியின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு போவது. அப்படிப் போனால் அதன் பின்பலகையைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவே பாதி வண்டியை வெளியே நீட்ட வேண்டியிருக்கும். சற்றுப் பின்வாங்கினால் சாலை தானாகவே கண்ணில் விரியும். லாரி ஓட்டுநரும் தன் கண்ணாடியில் உங்களைப் பார்ப்பார்.

எனக்கு மிகவும் அச்சமூட்டுவது, முந்துகிற வண்டியின் பின்னாலேயே இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு தொடர்வது. முன்னவர் தனக்குப் போதுமான இடத்தைப் பார்த்துப் போகிறார். அவர் இடப்பக்கம் சேர்ந்துவிடுவார். பின்னவர் எதிரே வரும் பஸ்ஸின் முன்னால் தனியாக நிற்பார்.

லாரியின் வல இண்டிகேட்டரை "நீ போ" என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. நம் சாலைகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கரும்பு ஏற்றிய டிராக்டர் வல இண்டிகேட்டர் போட்டால் அது வலப்பக்கம் வயல் பாதையில் திரும்பப் போகிறது என்றே கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்பும் சைகையைக் காட்டிச் சாலை நடுவுக்கு வந்துவிட்ட வண்டியை இடப்பக்கமாகக் கடக்கச் சட்டம் இடம் தருகிறது. மற்றபடி, நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் இடையில் பைக்கை நுழைப்பவர் இறங்கும் பயணியின் மேல்தான் போய் மோதுவார்.

வளைவு, மேட்டின் உச்சி, குறுகிய பாலம், தொடர்கோடு போட்ட இடம் ஆகியவற்றில் முந்தவே கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் பொறுமை இழப்பவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சட்டத்துக்கு மாறாக முந்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. 2019 திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முந்தப்படுபவரும் தவறு செய்கிறார். பக்கத்தில் ஒரு கார் வந்ததும் சிலருக்கு ரோஷம் வந்துவிடுகிறது, ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார்கள். மேலே சொன்ன பத்து விநாடி அப்போது பதினைந்து ஆகிவிடும். எதிரே விளக்கு தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், முன்னால் இடம் விடுங்கள், அவர் உள்ளே வரட்டும். முந்துபவர் நீங்களாக இருந்து, இடம் போதாது என்று பாதியில் தெரிந்தால், பிரேக் பிடித்து மீண்டும் பஸ்ஸின் பின்னாலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.