பள்ளி மாடியில் வேளாண் வகுப்பு தொடங்குவது எப்படி?

வேளாண் தொழிற்கல்விப் பாடம் இல்லாத வடசென்னைப் பள்ளியிலும், மொட்டை மாடியில் 10 வளர்ப்புப் பைகளைக் கொண்டு உயர்நிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பைத் தொடங்கலாம். செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

முதல் பாடம் தண்ணீராகவே இருக்கட்டும். சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பதை ஏட்டில் படிப்பதைவிட, 5 பைகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரும் 5 பைகளுக்கு மழைநீரும் ஊற்றிச் சிறுகீரை வளர்த்து, நாள்தோறும் உயரத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுவதே மேல். உப்பு மிகுந்தால் இலை விளிம்பு கருகும். மண்மேல் வெள்ளைப் பொருக்கு படியும். அதை மாணவர்கள் விரலால் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 25 நாளில் கீரை பறிக்கலாம். விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.