சுவரில் சுழியமாகும் கெழு: நீளும் தாளின் மேல் பிசுக்குமீள் திரவம்

பினாங்கில் முதுகலை ஆய்வேட்டுக்காக, நீளும் தாளின் மேல் ஓடும் வால்ட்டர்ஸ்-பி வகைப் பிசுக்குமீள் திரவத்தின் (பிசுக்கும் மீள்மையும் சேர்ந்த திரவம்) வெப்பப் பரிமாற்றத்தை மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில் கணித்து வந்தேன். மீள்மை இல்லாத மூன்றாம் வரிசை ஓட்டச் சமன்பாட்டுக்கு ஒழுங்காக ஓடிய பிவிபி4சி (எல்லை நிபந்தனைகளோடு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் மேட்லாப் கட்டளை), மீள்மை அளவுரு 'கே'யை 0.1 ஆக்கி முழுச் சமன்பாட்டைக் கொடுத்ததும் 'சிங்குலர் ஜக்கோபியன்' (தீர்வுக்கான அணியை நேர்மாறாக்க முடியவில்லை) என்று நின்றுவிட்டது.

வலைப்புள்ளிகளைக் கூட்டியும் தொடக்க ஊகத்தை மாற்றியும் பயனில்லை. சமன்பாடு நான்காம் வரிசை, எல்லை நிபந்தனைகளோ மூன்றே என்பதால், தாளிலிருந்து தொலைவில், ஓட்டத்தைக் குறிக்கும் சார்பான எஃப்-இன் இரண்டாம் வகைக்கெழு சுழியமாகும் என்ற நான்காவதையும் சேர்த்துப் பார்த்தேன். அதே பிழை வந்தது.

கோளாறு சுவரில், அதாவது தாளின் பரப்பில், இருந்தது. நான்காம் வகைக்கெழுவை 'கே × எஃப்' பெருக்குகிறது. ஊடுருவ முடியாத தாளில் எஃப் சுழியம் என்பதால், அந்த வகைக்கெழுவைத் தனியே பிரிக்கும்போது முதல் புள்ளியிலேயே சுழியத்தால் வகுக்க நேர்கிறது. எத்தனை நிபந்தனை சேர்த்தாலும் இது மாறாது.

மீள்மை இல்லாத திரவத்துக்குக் கிரேன் என்ற ஆய்வாளர் 1970இல் தந்த துல்லியத் தீர்வின் வடிவம் இத்திரவத்துக்கும் பொருந்தும்: திசைவேகம் அடுக்குக்குறியாகத் தேய்கிறது, தேயும் வீதம் 1/√(1−கே). அதை நேரடியாக இட்டு, வெப்பச் சமன்பாட்டை மட்டும் பிவிபி4சி-யிடம் விட்டேன். உடனே தீர்ந்தது, பெரும் நிம்மதி. கே சுழியம், பிராண்டல் எண் (பிசுக்குப் பரவலுக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) 1, சுவர் வெப்பநிலை மாறிலி என வைத்தால் சுவர் வெப்பச் சரிவு 0.5820 வரவேண்டும், வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கே கூடினால் தாளை ஒட்டித் திசைவேகம் மாறும் அடுக்கான திசைவேகப் படலம் மெலிகிறது, வெப்பப் படலமோ தடிக்கிறது. பிராண்டல் எண் 0.7, கே 0.2 எனில் ஈட்டா (தாளிலிருந்து உள்ள அலகற்ற தூரம்) 5இல் வெப்பநிலை இன்னும் அடங்குவதில்லை. எல்லையை 15க்குத் தள்ளிய பிறகே விடை நிலைத்தது.