வீட்டுக்கு எத்தனை வாட் டியூப் ஆம்ப்?

வீட்டில் கிட்டார் வாசிக்க டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்குகிறீர்களா? 10 வாட்டுக்குப் பதில் 5 வாட் எடுத்தால் சத்தம் பாதியாகிவிடாது. குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதியாகத் தெரிய 1 வாட்டுக்கு இறங்க வேண்டும்.

ஒற்றை 6வி6 டியூபும் 8 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட பழைய ஃபெண்டர் சாம்ப் ஆம்ப் சுமார் 5 வாட்தான். அதிலேயே வால்யூமை ஏற்றி, பவர் டியூப் கரகரக்கும் அந்த அருமையான இடத்தைத் தொட்டால் பக்கத்து வீடு வரை கேட்கும். அதனால் அடுக்குமாடிக்காரர்கள் 1 வாட் ஆம்ப், அல்லது வாட்டைக் குறைக்கும் சுவிட்ச் உள்ள மாடல் பாருங்கள். கடையில் சோதிக்கும்போதும் வீட்டில் வைக்கும் அளவுக்கே வால்யூமை வையுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் வாசிக்காதீர்கள், டியூபையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.