ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வகுப்பில் நண்பர் குழு அமைப்பது எப்படி?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஆட்டிசம் இல்லை, 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, அதனால் பள்ளியில் இடம் கேட்கும் உரிமை இந்தப் பிள்ளைகளுக்குத் தெளிவாகவே உண்டு. ஆனால் சேர்ந்த பிறகு இடைவேளையில் அவனோடு யார் இருப்பார்கள்? நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியைக் கூப்பிட்டு "இவனைப் பார்த்துக்கோம்மா" என்று ஒப்படைப்பதுதான் பல வகுப்புகளில் நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவள் குட்டி டீச்சராகிவிடுவாள், அவனுக்கு நண்பர் கிடைக்கமாட்டார்.

மூன்று நான்கு பேரைச் சேருங்கள். மார்க்கைப் பார்க்க வேண்டாம். பொறுமை இருக்கிறதா, லீவு போடாமல் வருகிறார்களா, முக்கியமாக அவனுக்குப் பிடித்தது இவர்களுக்கும் பிடிக்குமா என்று பாருங்கள். விருப்பம் இல்லாதவரை இழுக்காதீர்கள். அவனுக்கு ஆட்டிசம் என்பதை வகுப்பில் சொல்வதற்கு முன்னால் பெற்றோரிடமும் அவனிடமும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் குழுவை உட்கார வைத்துப் பழக்குங்கள், நீங்களே அந்தப் பிள்ளையாக நடித்துக் காட்டலாம். "வெளையாட வர்றியா, சாப்ட்டியா, ஏன்டா பேசவே மாட்டேங்குற" என்று ஒரே மூச்சில் கேட்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கேரம் போர்டைக் காட்டி, "ஆடலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். அவன் வாய் திறக்காமல் ஸ்ட்ரைக்கரை எடுத்து வைத்தால் அதுவும் பதில்தான்.

கண்ணைப் பார்த்துப் பேசு, கையை உதறாதே என்றெல்லாம் வற்புறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-இல் எழுதியது இதுதான்: புரியாமல் போவது இரண்டு பக்கமும் நடக்கிறது, குறை ஒருவர் மேல் மட்டும் இல்லை. அதனால் பழக வேண்டியது மற்ற பிள்ளைகளும்தான்.

சத்துணவு வரிசையின் இரைச்சலில் தொடங்காதீர்கள், வராண்டாவில் சத்தம் குறைந்த ஒரு மூலை போதும். அவன் பதற்றத்தில் அழுதாலோ காதைப் பொத்திக்கொண்டாலோ பிள்ளைகள் பிடித்து நிறுத்தக் கூடாது, தள்ளி நின்று உங்களைக் கூப்பிட வேண்டும்.

வாரம் ஒருமுறை குழுவிடம் எது சரிப்பட்டது என்று கேளுங்கள், களைத்தவரை மாற்றுங்கள். அவனிடமும் கேளுங்கள், பேச்சு வராவிட்டால் படங்களைக் காட்டிக் கேட்கலாம். இன்றைக்குத் தனியாக இருக்கிறேன் என்று அவன் காட்டினால் விட்டுவிடுங்கள்.