பழைய கோயிலை ஊர் அருங்காட்சியகமாக மாற்றுவது எப்படி?

குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் புதிய ஆலயம் ஓங்கி நிற்க, பக்கத்தில் ஓடு வேய்ந்த பழைய கிறிஸ்தவக் கோயில் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் சபையில் அதை இடிக்க விடாமல் ஊர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து இடிக்காதீர்கள்.

முதலில் அனுமதி. சபைக் குழுத் தீர்மானம் மட்டும் போதாது. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து, சபைகளுக்கு மேலே உள்ள பேராய நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். திருவிருந்துப் பாத்திரங்களைப் புதிய ஆலயத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அடுத்தது சுவர். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவே கூடாது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுவர் குடித்த ஈரம் வெளியேற சுண்ணாம்புப் பூச்சு வழிவிடும். சிமென்ட் அடைத்துவிடும், உள்ளே சுவர் உதிரும். உடைந்த ஓடுகளை மழைக்கு முன்பே மாற்றுங்கள்.

பொருள் கேட்டு வீடு வீடாகப் போகும்போது போதகர்களின் படங்களும் நாற்காலிகளும் தாமாகவே வந்து சேரும். நீங்கள் தேட வேண்டியது பனையேறிகளின் கருவிகள்: பாளை சீவும் அரிவாள், பாளையை நசுக்கும் மர இடுக்கி, மரத்தில் சாய்த்துக் கால் வைத்து ஏறும் கவட்டையுள்ள முருக்குத்தடி. 1806இல் வந்த ரிங்கல்தௌபே முதலான மிஷனரிகளைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. ஆனால் கோயில் கட்டக் காசு கொடுத்த பனையேறிக்கு அந்தத் தடிதான் சாட்சி. கவட்டையில் கால் ஊன்றிய இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் அந்த மனிதரின் தடயமே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

பொருள் கைக்கு வந்த அன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: எண், கொடுத்தவர், பயன்படுத்தியவர், எதற்குப் பயன்பட்டது, நன்கொடையா இரவலா, கையெழுத்து. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் கதை போய்விடும், வெறும் கட்டைதான் மிஞ்சும். காகிதத்தின் பின்புறம் பென்சிலால் எண் இடுங்கள். துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையலில் பிடியுங்கள்.

பழைய பத்திரங்களில் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824. 1034 ஆடி என்றால் 1859. மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வந்தது அந்த ஆண்டு ஜூலை 26இல்தான். அதைப் பலகையில் எழுதும்போது முழுதாக எழுதுங்கள்: நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்து. அந்தப் பாதியை விழுங்கிவிட்டு வெற்றியை மட்டும் சொல்வது நம் பாட்டிமார்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் பழைய பக்கங்களுக்கு நகல் எடுத்து நகலைக் காட்சிக்கு வையுங்கள். மூலம் பெட்டிக்குள் இருக்கட்டும். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ரேந்தை (லேஸ்) துணிகளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கோயில் சன்னல்கள் உயரமானவை, வெயில் நேராக விழும். கனத்த திரை போடுங்கள். துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும்.

திறப்பு விழாவை, சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையோடு வையுங்கள். வெளியூரில் இருப்பவர்களெல்லாம் வந்திருப்பார்கள். பெயர் தெரியாத புகைப்படங்களின் நகல்களை எண்ணிட்டு வாசலருகே மேசையில் பரப்பி, எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை நோட்டோடு உட்கார வையுங்கள். யாரேனும் ஒரு பெயர் சொன்னால், சொன்னவர் பெயரையும் சேர்த்தே குறிக்கச் சொல்லுங்கள்.