எருசலேம்: பெயருக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எருசலேம் என்றால் ‘சமாதானத்தின் நகரம்’ என்று பிரசங்கங்களிலும் ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். கேட்பதற்கு இனிய பொருள்தான். ஆனால் அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ‘நகரம்’ என்றும் மறுபாதிக்குச் ‘சமாதானம்’ என்றும் பொருள் ஏற்றுவதில் இரண்டு பாதிகளுமே வழுக்குகின்றன.

முதற்பாதியை எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் நகரத்தைக் குறிக்கும் சொல் ‘ஈர்’. அது ‘அயின்’ என்ற தொண்டை எழுத்தில் தொடங்குகிறது. எருசலேமின் எபிரேய வடிவமான யெருஷலாயிம் என்ற பெயரோ ‘யோத்’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. அயினுக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் நமக்கு இரண்டும் நெருங்கி ஒலிக்கின்றனவே தவிர, எபிரேயத்தில் அவை ஒன்றுக்கொன்று மாறி வருபவை அல்ல.

எபிரேயம் கைவிட்டதும் சிலர் சுமேரிய மொழியின் ‘உரு’வைத் துணைக்கு அழைப்பார்கள், இன்னும் ஒரு படி சென்று நம்முடைய ‘ஊர்’ இங்கே ஒளிந்திருக்கிறது என்று மகிழ்பவர்களும் உண்டு. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமர்னா கடிதங்களே இதற்கு விடை தருகின்றன. எகிப்திய மன்னனுக்கு இந்நகரின் ஆட்சியாளனான அப்தி-ஹெபா ஆப்பெழுத்தில் அனுப்பிய அந்தக் களிமண் ஓலைகளில் இந்நகரின் பெயர் ‘உருசலிம்’ என்று வருகிறது. நகரப் பெயர்களுக்கு முன்னால் ‘இது ஒரு நகரம்’ என்று காட்டத் தனிக் குறி ஒன்றை இடுவது அவ்வெழுத்து முறையின் வழக்கம். அந்தக் குறியை முதலில் இட்டுவிட்டு, அதன் பிறகு பெயரை ‘உ-ரு-ச-லிம்’ என்று அசை அசையாக எழுத்தர் எழுதியிருக்கிறார். நகரம் என்ற பொருள் குறியிலேயே அடங்கிவிட்டது. பெயருக்குள் இருக்கும் ‘உரு’ பெயரின் உறுப்பு.

அதற்கும் முந்தைய சான்று, கி.மு. 19, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எகிப்தியச் சாபப் பொறிப்புகளில் உள்ளது. பகைவரின் பெயர்களை மண்பாண்டங்களிலும் பொம்மைகளிலும் எழுதிச் சபித்து உடைக்கும் அந்தச் சடங்கு எழுத்துகளில் வரும் ‘ருஷலிமும்’ இந்நகரே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எனவே தாவீது வைத்த பெயர் என்று எழுதுவதும், எபூசு என்பதே ஆதிப் பெயர், எருசலேம் பின்னால் வந்தது என்று எழுதுவதும் காலக்கணக்கை மறந்த கூற்றுகள். தாவீதுக்கு நூற்றாண்டுகள் முன்னரே, கானானியர் நாவில் வழங்கிய பெயர் இது.

அந்தக் கானானியப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் பொருள் தெளிவடைகிறது. ‘யெரு’ என்ற முதற்பாதிக்கு வேராகக் கருதப்படும் ‘யாரா’ என்ற வினைக்கு எறிதல் என்பதோடு அடிக்கல் இடுதல் என்ற பொருளும் உண்டு. யோபு 38:6இல் பூமியின் மூலைக்கல்லைப் பற்றிப் பேசும்போது அந்த வினையே வருகிறது. ‘ஷாலெம்’ என்பது அந்திப்பொழுதோடு தொடர்புடைய கானானியத் தெய்வத்தின் பெயர். சிரியக் கடற்கரையில் இருந்த பழைய உகாரித்து நகரின் களிமண் ஓலைகளில் விடியலின் தெய்வமாகிய ஷாகரோடு இணையாகத் தோன்றுகிறது. ஆகவே ‘ஷாலெம் நிறுவியது’ அல்லது ‘ஷாலெமின் அடித்தளம்’ என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதே வார்ப்பில் அமைந்த யெருவேல் என்ற இடப்பெயரை 2 நாளாகமம் 20:16இல் காணலாம். அங்கே நிறுவியவர் ‘ஏல்’ என்ற கடவுள்.

அப்படியானால் சமாதானம் எங்கிருந்து வந்தது? சமாதானத்தைக் குறிக்கும் ‘ஷாலோம்’ என்ற சொல்லும் ஷாலெம் என்ற தெய்வப் பெயரும் ஷ-ல-ம என்ற ஒரே வேரைச் சேர்ந்தவை; நிறைவு, முழுமை என்பதே அவ்வேரின் அடிப்படைப் பொருள். ஆதியாகமம் 14:18இன் மெல்கிசேதேக்கு சாலேமின் அரசன். சாலேமின் அரசன் என்ற அந்தப் பட்டத்தைச் ‘சமாதானத்தின் ராஜா’ என்று எபிரெயர் நிருபம் 7:2 விரிக்கிறது. யூத ரபிகளின் மித்ராஷ் நூலொன்று வேறு வழியில் செல்கிறது: ஆபிரகாம் இட்ட ‘யீரே’ என்ற பெயரையும் (யேகோவாயீரே என்று நாம் அறிந்ததே) சேம் இட்ட ‘சாலேம்’ என்ற பெயரையும் கடவுள் இணைத்தார் என்கிறது. இவை சமய விளக்கம் என்ற அளவில் ஆழமானவை. அவற்றை இகழ வேண்டியதில்லை. பெயரின் பிறப்பு வரலாறாக அவற்றை முன்வைப்பதுதான் பிழை. நம் சேலத்தை இந்தச் சாலேமோடு முடிச்சுப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பது தவிர வேறு உறவில்லை.

இன்னொரு நுட்பமான தவறு, ‘-ஆயிம்’ என்ற ஈற்றைப் பற்றியது. எபிரேயத்தில் அது இருமை ஈறு போலிருப்பதால், மேல் நகரம், கீழ் நகரம் என இரண்டு எருசலேம்கள் இருந்ததைப் பெயரே காட்டுகிறது என்பார்கள். ஆனால் எபிரேய வேதாகமத்தில் இப்பெயர் அறுநூறுக்கும் மேற்பட்ட முறை வந்தும், அந்த ஈற்றுக்குரிய யோத் எழுத்து ஐந்தே இடங்களில்தான் மெய்யெழுத்து வரிசையில் இருக்கிறது. மற்ற இடங்களில், மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டிருந்த மூலத்துக்குப் பிற்காலத்தில் உயிர்க்குறி இட்டவர்கள் ‘ஆயிம்’ என்று படிக்கச் செய்தார்கள். பழைய வாசிப்பு ‘யெருஷாலெம்’ என்பதை அரமேய வடிவமும் கிரேக்க ‘இயெரூசலேம்’ வடிவமும் காட்டுகின்றன. தமிழ் வேதாகமத்தின் ‘எருசலேம்’ என்ற ஒலிப்பும் அந்தப் பழைய வடிவத்தையே ஒத்திருக்கிறது. கி.பி. 66இல் ரோமருக்கு எதிராக எழுந்த யூதர் அச்சிட்ட வெள்ளி நாணயங்களில், முதலாம் ஆண்டுக் காசு யோத் இல்லாமலும் இரண்டாம் ஆண்டுக் காசு யோத்துடனும் இதே பெயரைத் தாங்கியிருக்கின்றன.