என்ஐபிடி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

தங்கைக்கு இரண்டாவது குழந்தை. 12ஆவது வாரத்தில் டாக்டர் என்ஐபிடி எழுதிக் கொடுத்தார். கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா என்று தாயின் ரத்தத்தை வைத்தே பார்க்கும் சோதனை அது. கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பதோடு சரி, ஊசி வயிற்றுப் பக்கமே போகாது. கூட வந்திருந்த அம்மா கேட்டார்: "மூத்தவனோட சமாச்சாரம் ஏதாவது இவ ரத்தத்துல மிச்சம் இருந்து, இதுல கலந்து வந்துடாதா?" நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. 1996இல் அமெரிக்க மருத்துவர் டயானா பியாங்கியின் குழு, ஆண் குழந்தை பெற்று 27 ஆண்டு ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில்கூட ஆண் செல்களைக் கண்டது. 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், இறந்துபோன 59 பெண்களின் மூளையைச் சோதித்ததில் 37 பேரிடம் ஆண் டிஎன்ஏ இருந்தது. (இதை வைத்துத்தான் 'தாய்ப்பாசத்துக்கு அறிவியல் ஆதாரம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாசத்துக்கும் இதற்கும் எந்த முடிச்சும் யாரும் நிரூபிக்கவில்லை.) கருவைச் சோதிக்க முதலில் இந்தச் செல்களைத்தான் தேடினார்கள். ஆனால் தாயின் ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு தேறினாலே பெரிசு, அதுவும் மூத்ததா இளையதா என்று தெரியாது என்றால் அந்தச் செல்லை நம்பி எப்படி டெஸ்ட் செய்வது? பல வருடம் முயன்றும் சரிவரவில்லை.

வழி வேறு இடத்தில் இருந்தது. எல்லாரும் செல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோவும் கூட்டாளிகளும் செல்லை விட்டுவிட்டு பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் தேடினார்கள், அங்கே கருவின் டிஎன்ஏ துண்டு துண்டாக மிதந்தது, 1997இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றையும் காட்டியது: பிரசவம் ஆனதும் அந்தத் துண்டுகள் சராசரியாகப் பதினாறு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, சீக்கிரமே காணாமல் போகின்றன. அம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான். செல் தங்கும், துண்டு தங்காது, என்ஐபிடி பார்ப்பது துண்டை. மூத்தவன் குறுக்கே வரமாட்டான்.

சரி, டெஸ்டுக்கு வருவோம். 10 வாரம் முடிவதற்கு முன் போகாதீர்கள், துண்டு போதாது. வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம். இரட்டைக் கரு, அல்லது ஆரம்பத்தில் இரண்டாகத் தெரிந்து ஒன்று கரைந்துபோனது, உறுப்பு மாற்று, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் ஊசி, இதில் எது இருந்தாலும் படிவத்தில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முக்கியமாக அந்தக் கரைந்த கரு, அதன் மிச்சத் திசு உள்ளேயே இருந்து பல வாரம் டிஎன்ஏவை விட்டுக்கொண்டிருந்தால் முடிவையே மாற்றிவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் 'லோ ரிஸ்க்', 'ஹை ரிஸ்க்' என்ற வார்த்தையைத்தான் தேடுவார்கள். அதற்கு முன் 'ஃபீட்டல் ஃப்ராக்‌ஷன்' என்ற வரியைப் பாருங்கள். தாயின் ரத்தத்தில் மிதக்கும் மொத்தத் துண்டுகளில் கருவுடையது எத்தனை சதவீதம் என்பது அது. வழக்கமாக 10 சதவீதம் அளவில் இருக்கும், நிறைய லேப்கள் 4 சதவீதத்துக்குக் கீழே போனால் முடிவு தரமாட்டார்கள். தங்கைக்கு முதல் தடவை 3.2 வந்து 'முடிவு இல்லை' என்று போட்டிருந்தார்கள், வீடே அழுதது. உடல் எடை கூடுதலாக இருந்தாலே இந்த எண் குறையும். இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுத்தோம், 5.6, முடிவு வந்தது. ஆனால் 'முடிவு இல்லை' என்று வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள், மறுபடி எடுப்பதா, வேறு சோதனைக்குப் போவதா என்று டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

அடுத்தது ஹை ரிஸ்க். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். '99 சதவீதம் துல்லியம்' என்றால் 99 சதவீதம் குழந்தைக்குப் பிரச்சினை என்று அர்த்தம் இல்லை. ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். 25 வயதுப் பெண்கள் 10,000 பேர், அவர்களில் டவுன் சிண்ட்ரோம் கரு சுமார் 10 பேருக்கு. டெஸ்ட் அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது என்றே வைப்போம். மீதிப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாக ஹை ரிஸ்க் காட்டினால் அது இன்னொரு பத்து. ஆக, பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் 20 பேரில் 10 பேருக்கு ஒன்றுமே இல்லை. அதே கணக்கை 40 வயதுக்காரர்களுக்குப் போட்டால் நூறு பேருக்கு உண்மையிலேயே இருக்கும், பத்து பேருக்குத்தான் தவறாக வரும். டெஸ்ட் அதேதான், வயது மாறியதும் அர்த்தம் மாறிவிடுகிறது. 'என் வயசுக்கு இந்த ஹை ரிஸ்க் எத்தனை சதவீதம் நிஜம்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தவறாக வருவதற்கு ஒரு காரணம், அந்தத் துண்டுகள் பெரும்பாலும் குழந்தையிடமிருந்து வருவதே இல்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் கோளாறு இருந்து குழந்தை நன்றாக இருக்கும் கேஸ்கள் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கும் முடிவுக்கு யாரும் போகக் கூடாது. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

சில சமயம் ரிப்போர்ட் விசித்திரமாக வரும், பல குரோமோசோம்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாக. அமெரிக்காவில் 2024இல் வெளியான ஆய்வில் இதுபோல வழக்கத்துக்கு மாறான முடிவு வந்த 107 பேரைச் சோதித்ததில் 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது, தாய்க்கு, குழந்தைக்கு இல்லை. ரொம்ப அபூர்வம், ஆனால் அப்படி வந்தால் 'லேப் தப்பு' என்று ஒதுக்காமல் தாயையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

லோ ரிஸ்க் வந்துவிட்டது என்று, கருவின் கழுத்துப் பின்பக்கத்தை அளக்கும் என்டி ஸ்கேனையும் ஐந்தாம் மாத ஸ்கேனையும் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதயத்தில் ஓட்டை, பிளந்த உதடு, முதுகெலும்புக் குறை எதையும் என்ஐபிடி காட்டாது.

அப்புறம், ஆணா பெண்ணா என்று ரிப்போர்ட்டில் தேடாதீர்கள். இந்தியாவில் அதைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கேட்பதும்தான். மாமியார் தரப்பில் யாராவது லேப்பில் 'தெரிந்தவர் இருக்கார்' என்று ஆரம்பித்தால், ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.